நாற்பத்தொரு மங்கல் துண்டுகள்

கடலூரில் நான் விசாரித்த ஆண்கள் பதினோரு பேர். ஒருவர்கூட அந்தப் படங்களைப் பார்த்ததில்லை. ஆனால் பதினோரு பேருக்கும், ஒரு காட்சி தவறாமல் பார்த்த நண்பர் ஒருவர் இருந்திருக்கிறார். ஆட்டோக்காரரின் நண்பர், லாட்ஜ் மேலாளரின் நண்பர், ஜெராக்ஸ் கடைக்காரரின் நண்பர். அந்த நண்பர்கள் எல்லோரும் ஒருநாள் ஒன்றுகூடினால் மஞ்சக்குப்பம் மைதானம் கொள்ளாது.

கேட்டது ஒரு பெண் என்பதும் காரணம். எனக்கு நாற்பத்து மூன்று வயது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் ஒளிப்பதிவு சொல்லிக்கொடுக்கிறேன். எழுபதுகளில் ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட காமப் படங்களின் ஒளியைப் பற்றி ஒரு உரை நிகழ்த்த வேண்டியிருந்தது. தலைப்பைப் பார்த்த முதல்வர் இரண்டு நாள் என் கண்ணிலேயே படவில்லை. மூன்றாம் நாள் ‘ஐரோப்பிய சினிமாவில் ஜன்னல் வெளிச்சம்’ என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பார்க்கப்போனால் என்னுடையதைவிட நல்ல தலைப்பு.

ஏனென்றால் அந்தப் படங்களில் உண்மையிலேயே ஜன்னல்தான் பிரதானம். வெளிச்சம் எப்போதும் பின்னாலிருந்து வரும். குறுக்கே ஒரு மெல்லிய வெள்ளைத் திரை ஆடும். லென்ஸுக்கு முன்னால் மெல்லிய காலுறைத் துணியை இழுத்துக் கட்டியோ, கண்ணாடியில் வாசலைன் தடவியோ எடுத்திருப்பார்கள். உருவத்தின் ஓரங்கள் கரைந்து, பெண்ணின் தோள் எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஆளைவிட ஆள் தெரியும் நிலைக்கண்ணாடிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குவார்கள். கதை என்று ஒன்று இருக்கும். அதைப் பற்றி எடுத்தவர்களுக்கே அக்கறை கிடையாது.

இதையெல்லாம் நான் டிவிடியில்தான் பார்த்திருந்தேன். ஃபிலிமில் அந்த நிறம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசை. அப்போதுதான் என் பழைய மாணவி தமிழரசி கடலூரிலிருந்து போன் செய்தாள். டிசம்பர் கடைசியில் அடித்த புயலில், கடலூரின் பழைய டவுனான ஓ.டி. பக்கம் மூடிக்கிடந்த ஒரு தியேட்டரின் கூரை பறந்துவிட்டது, ஆபரேட்டர் அறையில் பழைய ஃபிலிம் டப்பாக்கள் நனைந்துகொண்டிருக்கின்றன, வருகிறீர்களா என்றாள். ஜனவரி இருபதாம் தேதிக்கு மேல் கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் தியேட்டர். புயல் போய் மூன்று வாரம் ஆகியும் ஊர் இன்னும் எழுந்து உட்காரவில்லை. சாய்ந்த மரங்களை அறுத்து ரோட்டோரம் அடுக்கியிருந்தார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போனதைப் பஸ்ஸில் எல்லோரும் தங்கள் வீட்டுச் சாவு போலப் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊரில் சாவு வீட்டில்கூட ‘ங்க’ போட்டுத்தான் அழுவார்கள். இங்கே துக்கமும் சடசடவென்று வருகிறது, முடிந்ததும் டீ கேட்கிறது.

தியேட்டர் சாவியோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். ஆரோக்கியம், எழுபது வயது, வெள்ளைச் சட்டை, பையில் ஜெபமாலை. அந்தத் தியேட்டரில் இருபது வருஷம் மேனேஜராக இருந்தவர். முதலாளி குடும்பம் வெளிநாட்டில் இருப்பதால், இடிப்பதற்கு முன் சாமான்களை ஒழித்துக்கொடுக்கும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது.

“இந்தக் கருமத்தைப் பாக்கவா கோயம்புத்தூர்லேர்ந்து வந்தீங்க?”

“வெளிச்சத்தைப் பார்க்க வந்தேன் சார்.”

“வெளிச்சமா? அதான் கூரையே போயிடுச்சே, வேணுங்கற மட்டும் பாருங்க.”

ஆபரேட்டர் அறைக்கு மேலே பலகையால் ஒரு பரண். அதற்கு ஏணி. தமிழரசி விறுவிறுவென்று ஏறி ஐந்து பெரிய ஃபிலிம் டப்பாக்களை இறக்கினாள். எல்லாவற்றிலும் தண்ணீர் புகுந்து, ஃபிலிம் களியாகியிருந்தது. கடைசியாகச் சுவரோரம் ஒதுங்கியிருந்த ஒரு பிஸ்கட் டின் வந்தது. சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு சுற்று இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மூடி துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது.

“அதுல ஆணி கீணி இருக்கும். எடுத்துக்கினு போங்க, எனக்கு வேணாம்” என்றார் ஆரோக்கியம்.

அந்தப் படங்களை ஓட்டிய ஆபரேட்டர் யார் என்று கேட்டேன். அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என் தங்கச்சி வூட்டுக்காரன். பேரு என் வாயால வராது.”

பிறகு பேர் தவிர எல்லாம் வந்தது. எண்பத்தாறில் ஒரு வெளிநாட்டுப் படம், காலைக் காட்சி மட்டும். நான்கு நாள் தியேட்டர் கொள்ளாத கூட்டம். வெள்ளிக்கிழமை போட்டால் படத்தில் ஒரு ‘சீன்’ கிடையாது. வெள்ளைக்காரி படியேறுகிறாள், கதவைத் திறக்கிறாள், அடுத்த நொடி காபி குடித்துக்கொண்டிருக்கிறாள். மறுபடி படியேறுகிறாள், கதவு, காபி. நாற்பது நிமிஷம் பொறுத்த ஜனம் பிறகு நாற்காலியைப் பிடுங்க ஆரம்பித்தது. சோடா பாட்டில் ஒன்று ஆரோக்கியத்தின் நெற்றியில் பட்டது. தழும்பைத் தொட்டுக் காட்டினார்.

“பிட்டை எல்லாம் வெட்டி வேற தியேட்டருக்கு வித்துட்டான். அப்ப நெறைய ஆபரேட்டருங்க செஞ்ச தொழில்தான். ஆனா இவன் கோயிலுக்குப் போறவன், என் தங்கச்சியக் கட்டினவன். மொத்த ஜனத்துக்கு முன்னாடி கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளினேன். இருபத்தாறு வருஷம் ஆச்சு. அவன் வூட்டு வாசல மிதிக்கல, அவளும் எங்க வாசல மிதிக்கல.”

இரண்டாம் நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. தமிழரசிக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன எடிட்டிங் அறை. கல்யாண வீடியோக்கள்தான் வருமானம். திரையில் ஒரு மணப்பெண் ஜன்னலோரம் நின்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து வெளிச்சம், ஓரமெல்லாம் பால் கரைத்தது மாதிரி.

“இதை எங்கே கத்துக்கிட்டே?” என்றேன்.

“கத்துக்கறதுக்கு என்னா இருக்கு மேடம், பட்டன் இருக்கு.” அமுக்கிக் காட்டினாள். பெண் தெளிந்தாள், மங்கினாள், தெளிந்தாள். “இது இல்லாம குடுத்தா பொண்ணு வூட்ல காசு குறைச்சிக்கச் சொல்றாங்க.”

நான் சிரித்தேன். எந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை என்று ஊர் சாதிக்கிறதோ, அந்தப் படத்தின் வெளிச்சம் ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் மாமியார் முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்தது. காமத்தைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அல்லது அதையும் கொஞ்சம் வைத்துக்கொண்டார்களோ என்னவோ.

மூடியைத் திறக்க ஸ்க்ரூடிரைவரும் தேங்காய் எண்ணெயும் அரைமணி நேரமும் ஆயின. திறந்ததும் குப்பென்று காடி வாடை. பழைய ஃபிலிம் கெட்டால் அப்படித்தான் அடிக்கும். உள்ளே சின்னச் சின்னச் சுருள்கள், ஒவ்வொன்றும் செய்தித்தாளில் பொட்டலமாக. ஒவ்வொரு பொட்டலத்திலும் பென்சிலில் எழுதிய சீட்டு. ‘ரீல் 2. ஜன்னல். மங்கல்.’ ‘ரீல் 3. கண்ணாடியில் பெண். மங்கல், ஓரம் ஜாஸ்தி.’ ‘ரீல் 3. திரைத்துணி. பால் மாதிரி.’ மொத்தம் நாற்பத்தொன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முழுத்தாள்.

‘கம்பெனிக்கு. இந்தத் துண்டுகள் ஃபோகஸ் இல்லை. லென்ஸ் துடைத்தும் சரியாகவில்லை. லேப் கோளாறு. வேறு பிரிண்ட் அனுப்பவும். இப்படிக்கு, சவரிமுத்து, ஆபரேட்டர்.’

நான் அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். விஷயம் புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனிதர் பிட்டைத் திருடவில்லை. அந்தப் படத்தில் காமக் காட்சிகள் மட்டும்தான் மங்கலாக எடுக்கப்பட்டிருந்தன. படிக்கட்டும் காபியும் பளிச்சென்று இருந்தன. மங்கலாக இருந்ததெல்லாம் பழுது என்று நினைத்து, பழுதை ஒவ்வொன்றாக வெட்டி, சீட்டு எழுதி, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்திருக்கிறார். நான் இரண்டு வருஷமாக அந்தப் பாணி எது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அதை ஒரு ஆபரேட்டர் ஒரே நாளில் கத்தரிக்கோலால் பிரித்து வைத்திருந்தார், ஒரு துண்டுகூடத் தவறாமல்.

ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஏமாற்றம்தான். எல்லாம் வெளிறிய ரோஜா நிறம். அந்தக் காலத்துப் பிரிண்டுகளில் மற்ற நிறங்கள் செத்து, சிவப்பு மட்டும் மிஞ்சும். நான் தேடி வந்த நிறம் அதில் இல்லை.

தமிழரசி வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். “சவரிமுத்து... சிதம்பரம் சவரிமுத்து சாரா? பெண்ணாடம் சக்கரை ஆலைல இருந்து ரிட்டயர்டு ஆனவரு?” அவருடைய மூத்த பெண்ணின் கல்யாண வீடியோ அவள் எடுத்ததாம். “அந்தக் கல்யாணத்துல தாய்மாமன் சீர் கெடையாது மேடம். மாமன் மாலை போடணும், மோதிரம் போடணும், அந்த எடமே காலி. நான் அதுக்குப் பாட்டெல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தேன். அந்தம்மா வந்து, ‘அந்த எடத்துல பூ படம் ஏதாச்சும் போட்டுடும்மா’ன்னு சொன்னாங்க.”

தாய்மாமன் ஆரோக்கியம். இப்போது இளைய பெண்ணுக்குத் தவக்காலம் தொடங்குமுன் கல்யாணம், இன்னும் மூன்று வாரம். அதற்கும் தமிழரசிதான் வீடியோ. அதற்கும் பூ படம் ஒன்று எடுத்து வைத்திருந்தாள்.

டின்னை நேரே ஆரோக்கியத்திடம் கொண்டுபோகலாம் என்றேன். தமிழரசி ஒத்துக்கொள்ளவில்லை. “போனது அவரு பேரு. முதல்ல அவரைக் கேக்கணும்.” மாணவிகள் சில சமயம் சரியாகப் பேசிவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள் சிதம்பரம் பஸ். டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனை துணி சுற்றியும் காடி வாடை கசிந்தது. ஓ.டி. தாண்டி சிப்காட் வந்ததும் முன் சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஃபேக்டரி வாடை, இன்னிக்கு ஜாஸ்தி” என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். சிப்காட் முடிந்து வயல் வந்தது. வாடை போகவில்லை. “இம்மாந்தூரம் வந்தும் அடிக்குது பாரு” என்று பின்னால் ஒருவர் அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்தார், இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் என் மடியில் இருந்தது. இருபத்தாறு வருஷமாக ஒருவர் இப்படித்தான் அடுத்தவன் வாடையைச் சுமந்திருக்கிறார் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

புதுச்சத்திரம் தாண்டி டயர் பஞ்சர். இறங்கி நின்றோம். ஒரு பெண் வேகவைத்த பனங்கிழங்கு கட்டுக்கட்டாக விற்றாள். எங்கள் ஊரில் அதை நாரெடுத்து, நறுக்கி, தட்டில் வைத்து மரியாதையாகச் சாப்பிடுவோம். இங்கே நடுவில் பிளந்து, குருத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நின்றபடியே கடிக்கிறார்கள். அதுதான் ருசி. கண்டக்டர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டப்பால என்னாம்மா, ஊறுகாயா?”

“ஆமாங்க. ரொம்பப் பழைய ஊறுகாய்.”

“தூக்கிப் போட்டுடுங்க. வயித்துக்கு ஆவாது.”

சவரிமுத்துவின் வீடு சிதம்பரம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். ஒல்லியான ஆள், அறுபது வயது. வாசலில் நின்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், கண்ணாடி இல்லாமல். தமிழரசியைப் பார்த்ததும் வீடியோ சமாசாரம் என்று நினைத்து உள்ளே அழைத்தார். அவர் மனைவி புஷ்பம் கேட்காமலேயே இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும் வைத்தார். கோயம்புத்தூரில் கொத்சு என்று ஒன்றை இத்தனை வருஷம் சாப்பிட்டு வந்தேன். அது கொத்சு இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

பழைய தியேட்டர் பேச்சை எடுத்ததுமே அவர் கையை உதறினார். “நான் பேன்மேன்மா. சக்கரை ஆலைல பாகு காய்ச்சினவன். சினிமா கினிமா எனக்குத் தெரியாது.”

நான் துணியை அவிழ்த்து டின்னை மேஜையில் வைத்தேன். அவர் டின்னைப் பார்க்கவில்லை, பக்கத்தில் கிடந்த சைக்கிள் டியூபைப் பார்த்தார். அதை எடுத்து விரலில் சுற்றினார்.

“என் சைக்கிளோடது” என்றார்.

புஷ்பம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

“ஜனம் ‘ஃபோகஸ், ஃபோகஸ்’னு கத்துது. நானும் லென்ஸைக் கழட்டித் தொடைக்கிறேன், மாட்டறேன், திருப்பறேன். நாலு நாளு. கடைசில பாத்தா கீழ இங்கிலீஷ் எழுத்து வருது பாருங்க, அது ஷார்ப்பா இருக்குது. படம்தான் மங்கலா இருக்குது. லென்ஸ் கோளாறுன்னா ரெண்டும்ல மங்கணும்? மச்சான்கிட்ட சொன்னேன். ‘எவன்டா எழுத்தைப் பாக்க வர்றான்’னாரு. சரி, பிரிண்ட்டுலதான் கோளாறு, வெட்டிக் கம்பெனிக்கு அனுப்பிடுவோம்னு வியாழக்கிழமை பூரா உக்காந்து வெட்டினேன்.”

“நாப்பத்தொண்ணுலயும் அதுங்கதான் இருந்துது. உங்களுக்குத் தெரியலையா?” என்றாள் தமிழரசி.

“மங்கலா இருக்கா, இல்லையான்னுதாம்மா பாத்தேன். என்னா இருக்குன்னு பாக்கல.”

“நாப்பத்தொண்ணும் பாத்தீங்களா?” என்றார் புஷ்பம். அந்த வீட்டில் அன்றைய முதல் சிரிப்பு அவருடையது. ஆனால் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வெட்டிய கதை அவருக்குத் தெரியும். வெட்டியது என்ன என்று இத்தனை வருஷமாகத் தெரியாது.

அன்றே இந்த டின்னைக் காட்டியிருக்கலாமே என்றேன்.

“கழுத்துல கை வச்சித் தள்றாரு. ‘பரண்மேல டப்பா இருக்கு மச்சான், ஏறிப் பாருங்க’ன்னேன். பாக்கல. ஒருதடவை சொன்னேன். ரெண்டாவது தடவை எதுக்குச் சொல்லணும்?”

இப்போது சொல்ல வேண்டியது என் முறை. அது லேப் கோளாறு இல்லை, அவர்கள் வேண்டுமென்றே அப்படி எடுத்தார்கள், லென்ஸுக்கு முன்னால் துணி கட்டி எடுப்பார்கள் என்றேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தது என் மடத்தனம். சுருங்கிப்போனது.

“வேணும்னேவா? அப்ப நான் வெட்டினது தப்புதான். நல்லா இருந்ததைத்தான் வெட்டியிருக்கேன்.”

“நீங்க திருடலையே.”

“திருடல. ஆனா தப்பு தப்புதானம்மா.”

இப்படி ஒரு மனிதரை இருபத்தாறு வருஷம் திருடன் என்று வைத்திருந்தார்கள். எனக்குக் கோபமாக வந்தது. ஆரோக்கியத்தின் மேல் வந்ததா, ஊர் மேல் வந்ததா, அந்தப் படத்தை எடுத்தவர்கள் மேல் வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

அவர் ஒரு சுருளைப் பிரித்து ஜன்னல் பக்கம் பிடித்தார். உடனே தலையை ஆட்டினார். “இந்தக் கலர் இல்லையே. இதென்ன, வெத்தலை எச்சில் மாதிரி இருக்குது.” பாகு முற்றுகிறதா என்று பார்க்க, ஆலையில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் எடுத்து விளக்குக்கு நேரே பிடிப்பார்களாம். முற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நிறம் வருமாம். மஞ்சளும் இல்லை, பழுப்பும் இல்லை, ஓரத்தில் மட்டும் வெளிச்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். “அன்னிக்கு இந்தப் படத்துல இருந்தது அதே கலர்தான். முதமுதல்ல பாகு எடுத்துப் பாத்தப்பவே எனக்கு இந்தப் படம்தான் ஞாபகம் வந்துது. யார்கிட்ட சொல்றது?” கண் தெரியாத ஆபரேட்டர் என்று கேலியும் கிளம்பியதால் எந்தத் தியேட்டரிலும் வேலை தரவில்லை. அந்தக் கண்ணை நம்பித்தான் ஆலையில் இருபது வருஷத்துக்கு மேல் சர்க்கரை இறங்கியிருக்கிறது.

நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். டிவிடியிலும் கிடைக்காத, ஃபிலிமிலும் செத்துப்போன நிறம் அவரிடம் கெடாமல் இருந்தது.

“ஒண்ணு கேக்கறேன்” என்றார். “இந்தப் பொண்ணுங்களுக்கு மூஞ்சி சரியாத் தெரியல. யாரு வூட்டுப் பொண்ணோ, அடையாளம் தெரியக் கூடாதுன்னு மறைச்சாங்களா?”

நான் பல கட்டுரைகள் படித்திருக்கிறேன். தணிக்கைக்குப் பயந்து மங்கலாக்கினார்கள் என்று ஒருவர், கலை என்று பேர் வாங்க என்று இன்னொருவர். அந்தக் கேமராக்கள் பெண்ணைப் பழக்கடைப் பழம் மாதிரிப் பார்த்தன என்பது என் கட்சி. அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் கனிவும் இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம், அதை எங்கும் எழுதியதில்லை. அந்தப் பெண்களின் மானத்தை நினைத்து யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

டின்னை ஆரோக்கியத்திடம் காட்டலாமா என்று கேட்டதற்கு அவர் மாட்டேன் என்றார். “வேணும்னா அவரு வரட்டும். பரண் அங்கதான இருந்துது?”

புஷ்பம் அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். “நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வரட்டும்னு சொல்லிக்கினே கெடங்க. மூத்தவளுக்கு மாமன் சீரு இல்லாம மணையில உக்கார வச்சேன். இவளுக்கும் பூ படம்தானா? நாளைக்கு நான் போறேன்.” சவரிமுத்து போகாதே என்று சொல்லவில்லை. டியூபை எடுத்து, பழையபடி இரண்டு சுற்று இறுக்கிக் கட்டிக்கொடுத்தார்.

நான்காம் நாள் அதே பஸ், அதே வாடை, இந்த முறை டின் புஷ்பத்தின் மடியில். சிப்காட் வந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். புஷ்பம் பொத்தவில்லை. ஆரோக்கியத்தின் வீடு இருந்த மஞ்சக்குப்பத்தில் இறங்கியதும், “எந்தத் தெருன்னு மறந்துடுமோன்னு நெனச்சேன், கால் தானாப் போவுது” என்றார்.

ஆரோக்கியம் வாசலில் புயலில் உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழுந்தார், ஓட்டைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே, இது பரண்மேல இருந்துது” என்று டின்னை நீட்டினார் புஷ்பம்.

அவர் ஓட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மேலே இருந்த தாளை எடுத்துப் படித்தார். கையெழுத்து யாருடையது என்று கேட்கவில்லை. பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஃபிலிமை வெளிச்சத்துக்குத் தூக்கினார். தூக்கியவர் சட்டென்று இறக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பக்கத்தில் தங்கை நிற்கிறாள். எந்த அண்ணன் தங்கை முன்னால் அதைப் பார்ப்பான்? பார்த்தே உறுதி செய்துகொள்வேன் என்று உட்கார அவருக்கு வழியில்லாமல் போனது. சீட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்தார். ஜன்னல், மங்கல். கண்ணாடி, மங்கல். திரைத்துணி, பால் மாதிரி. நாற்பத்தொன்றையும் படித்தார். நாங்கள் மூவரும் நின்றுகொண்டே இருந்தோம்.

“ஒண்ணுகூட விக்கல” என்றார் கடைசியில். பிறகு, “பரண்மேல இருக்குன்னு சொன்னாம்மா அவன். பத்துப் படி ஏணி. நான் ஏறிப் பாக்கல” என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

புஷ்பம் அவர் அக்குளில் இருந்த ஓட்டை வாங்கிக் கீழே வைத்தார். அன்று மதியம் எல்லோருக்கும் சுறாப்புட்டு. எனக்கும் ஒரு இலை போட்டார்கள். நான் மீன் சாப்பிடாதவள் என்று சொல்லவே இல்லை, சாப்பிட்டேன்.

என் உரை பிப்ரவரி கடைசியில் நடந்தது. நிறத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில், முற்றுவதற்குச் சற்று முந்தைய சர்க்கரைப் பாகு என்று சொன்னேன். சொன்னவர் யார் என்றும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த முதல்வர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

கல்யாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. அதற்கு ஒரு வாரம் கழித்துத் தமிழரசி போன் செய்தாள். ஆரோக்கியம் வந்திருந்தாராம். சவரிமுத்துவும் அவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். வீடியோ எடிட் ஆகும்போது சவரிமுத்து கடலூருக்கே கிளம்பி வந்து, அவள் அறையில் இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பெண் ஜன்னலோரம் நிற்கும் இடத்தில் மங்கல் வந்தது, நன்றாக இருக்கிறது என்றார். மாலை மாற்றும் இடத்தில் வந்தது, இருக்கட்டும் என்றார். தாய்மாமன் சீர் வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாராம்.

“இந்த எடத்துல மட்டும் அந்தப் பட்டனைப் போடாதம்மா. மச்சான் மூஞ்சி தெளிவாத் தெரியணும்.”